வளையச் சாவடியும் எட்டு மாத இருமலும்

மலேசியாவிலிருந்து வருகிறவன் பெட்டியில் வானொலிப் பெட்டியும் வாசனைத் திரவியமும் இருந்தே தீர வேண்டும் என்பது சுங்க அதிகாரிகளின் நம்பிக்கை. என் பெட்டியில் ஆறு சட்டைகளும், செங்கல்லைப் போல் தடித்த ஒரு தைத்த புத்தகமும் மட்டுமே இருந்தன. அதிகாரி புத்தகத்தைப் புரட்டினார், உதறினார், முகர்ந்தும் பார்த்தார்.

"இதுல என்ன இருக்கு?"

"சனிக்கோள்" என்றேன்.

அவர் பெட்டியை மூடிவிட்டார்.

சொன்னது பொய்யன்று. அது 'வளையச் சாவடி' தொடர்கதையின் பழைய வரிசை. சனிக்கோளின் வளையத்தில் மிதக்கும் ஒரு காவல் சாவடி, அதில் நாற்பது மனிதர்கள், அவர்களுக்குத் தலைவர் ஆதிரையன். முதல் ஆசிரியர் பத்தாண்டுக்கு மேல் எழுதி நிறுத்திவிட்டார். நெடுங்காலம் சாவடி இருண்டு கிடந்தது. பிறகு வேறோர் ஆசிரியர் விளக்கேற்றிப் புதிய வரிசையைத் தொடங்கினார். தலைவரை ஓய்வுக்கு அனுப்பிவிட்டுச் செண்பகம் என்ற பொறியாளரிடம் சாவடியை ஒப்படைத்தார். பழையதா, புதியதா என்று தமிழ் வாசகர்கள் இரண்டு கட்சியானது அன்றுதான்.

நான் பழைய கட்சி. பேச்சுக்கலையை எனக்குக் கற்றுத் தந்தவர் ஆதிரையன். கிள்ளானில் எங்கள் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, அவருடைய முழக்கங்களை ஓதி ஓதித்தான் என் குரல் மேடைக்கு உகந்ததாயிற்று. பள்ளியிலும் பல்கலைக்கழகத்திலும் நான் வாங்கிய கோப்பைகளில் பாதி அவருக்குச் சேர வேண்டியவை.

பயணத்துக்குக் காரணம் நான் எழுதிய ஒரு கடிதம். கோவையில் 'வளையச் சாவடி வாசகர் மன்றம்' ஒன்று உண்டு. அவர்கள் நடத்தும் செய்தித்தாளுக்கு எட்டு மாதத்துக்கு முன்பு ஒரு மடல் விடுத்தேன். பழைய வரிசையிலிருந்து எனக்குப் பிடித்த ஒரு பத்தியை எடுத்துக்காட்டி, இப்படி முடித்திருந்தேன்: "இதற்கு ஈடான ஒரே ஒரு பக்கத்தைப் புதிய வரிசையிலிருந்து காட்டுங்கள், பட்டிமன்ற மேடையிலேயே என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எதிரணிக்கு வந்து அமர்கிறேன்." பக்கம் எதுவும் வரவில்லை. அழைப்பிதழ்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை கொடுமுடியில் பட்டிமன்றம். பழைய அணிக்கு நான் தலைவன்.

பீளமேட்டில் பழனிச்சாமி ஐயாவின் வீட்டில் தங்கினேன். மன்றத்தின் செயலாளர் அவர். நீரேற்றும் மோட்டார் செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். ஞாயிறன்று நடுவரும் அவரே. காலையில் சந்தகையும் தேங்காய்ப்பாலும். எங்கள் ஊர் இடியாப்பத்துக்கு உறவுதான், ஆனால் இன்னும் மென்மையானது. மூன்று முறை போதும் என்றேன். ஒவ்வொரு 'போதும்' என்ற சொல்லுக்கும் ஒரு சுருள் இலையில் விழுந்தது.

"கூச்சப்படாதீங்க கண்ணு. சிறுவாணித் தண்ணி குடிச்சீங்கன்னா கல்லுங் கரைஞ்சு போயிருமுங்க."

அந்தத் தண்ணீரைப் பற்றி இந்நகரத்தார் அடக்கமாகப் பேசி நான் கேட்கவில்லை. குடித்தேன். அடக்கம் தேவையில்லை என்று தெரிந்தது.

பட்டறையில் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டபடியே அவர் தம் கருத்தைச் சொன்னார். "பழசுல வர்ற ராக்கெட்டு மோட்டார் இருக்குது பாருங்க, அது நெசத்துல ஓடவே ஓடாதுங்க. ஆனா ஓடும்னு நம்புனமுங்க. புதுசுல வர்றது ஓடுமுங்க. ஆனா வாரத்துக்கு ஒருக்கா ரிப்பேர் ஆவுது."

"அப்படியானால் தாங்கள் பழைய கட்சியா?"

"நான் நடுவருங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். "ஆனா ரிப்பேரே ஆவாத மோட்டாரை நான் பார்த்ததில்லீங்க."

அவரைப் பழைய கட்சிக்கு இழுத்துவிடலாம் என்று தோன்றியது. எழுந்து நின்றேன். கடிதத்தில் எழுதிய அதே பத்தியைக் கடைசல் எந்திரத்தின் இரைச்சலுக்கு மேல் குரலெடுத்துச் சொன்னேன். சாவடியில் ஒன்பது நாள் தண்ணீரே மிச்சமிருக்கிறது. வெளியே பகைவனின் கலம் பழுதாகிக் கிடக்கிறது. அவன் கதவைத் தட்டுகிறான். நாற்பது பேரும் தலைவர் ஆதிரையனின் முகத்தைப் பார்க்கிறார்கள். அவர் சொல்கிறார்:

"இன்று என்னிடம் திட்டம் எதுவும் இல்லை. தாகம் இருக்கிறது, உங்களிடமும் அதுதான் இருக்கிறது. கதவுக்கு வெளியே நிற்பவனைப் பகைவன் என்று அழைக்கலாம். அழைப்பதால் அவன் நாக்கு ஈரமாகிவிடாது. முதல் குவளையை அவனுக்குக் கொடுங்கள். பிறகு யோசிப்போம்."

பழனிச்சாமி ஐயா இருமத் தொடங்கினார். நெடுநேரம் இருமினார். "பஞ்சுத் தூசுங்க" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மில்லு ஊரு பாருங்க."

மாலையில் தேநீர்க் கடையில் மன்றத்து நண்பர்கள் இருவரைக் கண்டேன். அவர்களுக்கும் அதே பத்தியைச் சொன்னேன். அவர்களும் இருமினார்கள். இந்த நகரத்தின் நுரையீரலைப் பற்றி எனக்குக் கவலை பிறந்தது.

மறுநாள் கொடுமுடிப் பேருந்து. எனக்குப் பக்கத்து இருக்கையில் பழனிச்சாமி ஐயா. நடைவழிக்கு அப்பால் எதிரணித் தலைவி அமுதா. என்னைவிட ஓரிரு வயது மூத்தவள். நூற்பாலை ஒன்றின் சோதனைக்கூடத்தில் நூலின் முறுக்கையும் வலிமையையும் அளக்கும் வேலை. போர்க்களத்தில் எதிரில் நிற்க வேண்டியவள் பேருந்தில் நெல்லிக்காய் நீட்டினாள். எடுத்துக்கொண்டேன். ஆனால் போரை ஒத்திப்போட நான் விரும்பவில்லை.

"புதிய வரிசையில் நான்கு பகுதிகளுக்குச் செண்பகம் ஒரே ஒரு திருகாணியைத் தேடுகிறாள். இதற்கா சனிக்கோள் வரை போக வேண்டும்?"

"அந்தத் திருகாணி கெடைக்கலீன்னா நாப்பது பேருக்குக் காத்து இல்லீங்களே. எங்க மில்லுல ஒரு ஸ்பிண்டில் நின்னாலும் நாங்க அப்படித்தானுங்க தேடுவோம்."

"ஆதிரையன் தேட மாட்டார். ஆணையிடுவார்."

"ஆணையிடுவாருங்க. நெம்ப நேரம் இடுவாருங்க. அவர் பேசி முடிக்கறதுக்குள்ள எதிரி ஊட்டுக்குப் போயி, சோறு தின்னுட்டு, சித்தெ படுத்து எந்திரிச்சே வந்துரலாமுங்க."

முன்னிருக்கைக்காரர்கள் சிரித்தார்கள். சிரிப்பு எதிரிக்குப் போனால் அதை உடனே மீட்க வேண்டும் என்பது மேடை விதி. அந்தப் பத்தியை எடுத்தேன். இம்முறை கையசைவுகளோடும் எடுத்தேன். பேருந்து அமைதியானது. மஞ்சள் மூட்டையைக் காலிடுக்கில் வைத்திருந்த ஒரு பெரியவர் மரியாதையோடு கேட்டார்: "ஏனுங் தம்பி, எலெக்சன் வருதுங்களா?"

அமுதா மட்டும் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். சற்றுப் பொறுத்து, "அந்தப் புஸ்தகத்தைக் கொஞ்சம் பாக்கலாங்களா?" என்றாள்.

கொடுத்தேன். அந்நேரம் பார்த்துக் காங்கேயத்துக்கு இப்பால் பின் சக்கரம் வெடித்தது. எங்கள் நாட்டில் பேருந்து நின்றால் ஓட்டுநரோடு வாக்குவாதம் தொடங்கும். இங்கே நாற்பது பேர் இறங்கிக் கிளுவை வேலியோரம் நின்று, ஓட்டுநருக்கு ஆறுதல் சொன்னார்கள். "பரவால்லீங்க, மெதுவாப் பாருங்க." "டயருக்கும் வயசாவுமல்லங்க." சக்கரத்தை மாற்ற ஒரு மணி நேரமானது. அவ்வளவு நேரமும் அமுதா பேருந்துக்குள்ளேயே, நான் ஓதிய பத்தி வரும் அந்த ஒரே கதையின் மேல் குனிந்திருந்தாள். ஒருமுறை தாளின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள், நூலைச் சோதிப்பவளைப் போல. எதிரணித் தலைவியையே பழைய வரிசை வென்றுவிட்டது என்று நான் உள்ளூர மகிழ்ந்தேன்.

மறுநாள் ஞாயிறு, கொடுமுடித் திருமண மண்டபத்துக்குள் நுழைந்தபோது, ஒரு கயிறு சுவரைச் சுற்றி ஓடியது. அதில் துணி கவ்விகளால் நூற்றுக்கணக்கான தாள்கள் மாட்டப்பட்டிருந்தன. இங்கே மன்றத்தின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். வெளிநாட்டு வாசகர்களுக்குத் தொடரை அனுப்பும்போது முழு இதழையும் அனுப்பமாட்டார்கள், தபாலில் கனக்கும். கதைப் பக்கங்களை மட்டும் கிழித்து அனுப்புவார்கள். அதிலும் முதல் பக்கத்தை, அதாவது படமும் தலைப்பும் ஆசிரியர் பெயரும் உள்ள தாளை, மன்றமே வைத்துக்கொள்ளும். அந்தப் படத்தாள்கள்தான் கயிற்றில் தொங்கின. இடச்சுவரில் பழைய வரிசை, வலச்சுவரில் புதியது.

எனக்குப் பதினைந்து வயதில் கிள்ளானுக்கு வந்தவையும் அப்படிப்பட்ட தலையில்லாத கதைகள்தாம். கட்டின் உறையில் 'பழசு' என்றோ 'புதுசு' என்றோ எழுதியிருப்பார்கள். ஒரு கட்டு மட்டும் கப்பலில் நனைந்து, உறை கூழாகி வந்து சேர்ந்தது. தாள்கள் மஞ்சள் பூத்திருந்தன. அதிலிருந்த கதையைப் படித்தேன். ஆதிரையன் வருகிறார்; இத்தனை உயர்வாகப் பேசுகிறார். பழையதாக அல்லாமல் வேறெதுவாக இருக்க முடியும்? நானே 'தாகத்தின் தலைவன்' என்று ஒரு தலைப்பை மசியால் எழுதி, பழைய வரிசையோடு சேர்த்துத் தைத்தேன்.

பட்டிமன்றத்துக்கு அரை மணி நேரம் இருந்தது. எதிரியின் பலத்தைப் பார்ப்போம் என்று வலச்சுவரோரம் நடந்தேன். ஏழாவது கவ்வியில் நின்றேன். நரைத்த தலையோடு ஆதிரையன், திறந்த கதவின் வழியே ஒரு குவளையை நீட்டுகிறார். கதையின் உண்மைத் தலைப்பு 'முதல் குவளை.' கீழே இரண்டாம் ஆசிரியரின் பெயர்.

ஓய்வில் இருந்த தலைவரை ஒரே ஒரு கதைக்காகப் புதிய ஆசிரியர் திரும்ப அழைத்திருக்கிறார். ஏழாண்டுகள், எத்தனையோ மேடைகள், பழமையின் மேன்மைக்கு நான் காட்டிய தலைசிறந்த சான்று, எதிரியின் சொத்து! அதைப் பழையதென்று முடிவு செய்தது நனைந்த தாளும் என் தற்பெருமையும். யோசித்துப் பார்த்தால், பழைய ஆதிரையன் தம்மிடம் திட்டமில்லை என்று ஒருபோதும் சொன்னதில்லை. அந்த ஒரு சொல்லே காட்டிக்கொடுத்திருக்க வேண்டும்.

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்று அச்சில் வாக்குக் கொடுத்தவன் நான். பிறகு மேடைப் பயிற்சி கைகொடுத்தது: இது யாருக்கும் தெரியாது. கதைப் பக்கங்கள் என் புத்தகத்தில். அந்தப் பத்தியைச் சொல்லாமலேயே பேசிவிட்டால் போயிற்று. அப்படியே தீர்மானித்தேன்.

என் முதல் சுற்று நன்றாகவே போனது. பித்தளை நெம்புகோல்களைப் பற்றிப் பேசினேன். உணவு மாத்திரையை விழுங்கிவிட்டு உலகைக் காத்த மனிதர்களைப் பற்றிப் பேசினேன். "ஐயமே இல்லாத ஒரு குரல் நம் காதில் ஒலித்த காலம் அது!" என்றபோது கைதட்டல் எழுந்தது. வழக்கமாக உச்சமாய் வரும் பத்தி இல்லாததால், முடிவு மட்டும் படியில்லாத மாடியைப் போல் நின்றது.

அமுதா எழுந்தாள். அவளுக்குக் குரலில் ஏற்ற இறக்கம் கிடையாது. அடுத்த வீட்டாரிடம் பேசுவதைப் போல் பேசினாள். பழைய சாவடியில் யாரும் தண்ணீர் குடித்ததே இல்லை, கவனித்தீர்களா என்று கேட்டாள். புதிய சாவடியில் குளித்த நீரை வடிகட்டிக் கீரைக்குப் பாய்ச்சுகிறார்கள். அங்கே பகைவனுக்கும் காரணம் இருக்கிறது, பசி இருக்கிறது என்றாள். "பழசுல எதிரிக்கு ஒரு பேருகூட வைக்கலீங்க. மொத்தமாக் கரும்படைன்னு சொல்லிப் போட்டாங்க. புதுசுல எதிரி கதவைத் தட்டறானுங்க…"

அங்கே நின்றாள். அடுத்து வர வேண்டிய கதை எது என்று எனக்குத் தெரியும். அவள் ஒரு வாய் தண்ணீர் குடித்தாள்.

"அதுக்கு ஒரு கதை இருக்குதுங்க. நெம்ப நல்ல கதை. அதை இன்னைக்கு நான் சொல்லப் போறதில்லீங்க."

இருநூறு பேர் இருந்த மண்டபம். ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. ஒருவர்கூட என்னைப் பார்க்கவில்லை. இருநூறு பேரும் தத்தம் செருப்பைப் பார்த்தார்கள். மூன்றாவது வரிசையில் ஒருவர் இருமினார். பிறகு இன்னொருவர். கொடுமுடியில் பஞ்சாலைத் தூசி கிடையாது. காவிரிக் காற்றுதான் வீசுகிறது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எல்லோருக்கும் தெரியும். என் கடிதம் வந்த நாளிலிருந்தே தெரியும். கிள்ளானில் ஒருவன் தவறாகப் பேசினால், கடைக்காரரே தேநீர்க் குவளையோடு மேசைக்கு வந்து திருத்திவிட்டுப் போவார். இங்கே கடல் கடந்து வந்த விருந்தாளியின் முகம் வாடிவிடக் கூடாது என்பதற்காக, ஓர் அணி தன் கூர்மையான வாளை உறையிலேயே வைத்துவிட்டுத் தோற்க முன்வந்திருக்கிறது.

நிறைவுச் சுற்றுக்கு என்னை அழைத்தார்கள். எழுதி வைத்திருந்த தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

"நடுவர் அவர்களே, என் அணிக்கு இன்று என்னிடம் திட்டம் எதுவும் இல்லை" என்றேன். மண்டபம் நிமிர்ந்தது. அந்தப் பத்தியை முழுவதும் சொன்னேன். "இதற்கு ஈடாகப் புதிய வரிசையில் ஒரு பக்கம் காட்டுமாறு அறைகூவினேன். அந்தப் பக்கம் இதுவேதான். ஏழாண்டுகளாக எதிரணியின் சான்றை என் சான்றாக முழங்கிக்கொண்டிருந்தேன். இந்த மேடையில் ஏறுமுன் உண்மை தெரிந்தும், முதல் சுற்றில் அதை மறைத்தேன். சகோதரி அமுதா, என் மானத்தைக் காக்க உங்கள் அணியின் வெற்றியைக் கொடுக்கத் துணிந்தீர்கள். அதை நான் வாங்கிக்கொள்ள முடியாது."

நாற்காலியைத் தூக்கினேன். மடக்கு நாற்காலி, பாதி வழியில் மடங்கி என் விரலைக் கடித்தது. மேடையின் குறுக்கே தடுமாறியபடி போய், அமுதாவின் பக்கத்தில் அதை விரித்து உட்கார்ந்தேன்.

பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "ஏனுங், அப்ப இனி இரும வேண்டாங்களா?"

மண்டபம் வெடித்தது. அத்தகைய சிரிப்பை நான் என் எதிரிகளுக்குக்கூட வாங்கித் தந்ததில்லை. பழனிச்சாமி ஐயா ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். "எட்டு மாசமுங்க! என்ற ஊட்டுக்காரி டாக்டர்கிட்டப் போலாம்னே சொல்லிப் போட்டாளுங்க!"

எதிரணி வரிசையில் அமர்ந்திருந்த எனக்கு மூச்சு இலகுவாக வந்தது. சட்டைக்குள் ஏதோ கட்டியிருந்ததை அவிழ்த்துவிட்டாற்போல் இருந்தது.

தீர்ப்புக்காகக் கூட்டம் காத்திருந்தது. நடுவர் இரண்டு பக்கமும் பார்த்தார். ஒரு பக்கம் ஒரு நாற்காலி குறைவு. "நாற்காலியே தீர்ப்புச் சொல்லிப் போட்டுதுங்க. ஒப்புட்டு ஆறுது, வாங்க" என்றார்.

ஒப்புட்டு என்று இவர்கள் சொல்லும் போளிக்கு நெய் ஊற்றியபடியே அமுதா சொன்னாள்: "அந்தக் கட்டை உங்களுக்கு அனுப்பினது நாந்தானுங்க. ரெண்டு பிரதி இருக்குதுன்னு நெனச்சுக் கிழிச்சுப் போட்டேன். பாத்தா ஒண்ணுதான் இருந்துருக்குது. பொறவு எங்கெங்கயோ தேடினேனுங்க. நேத்து பஸ்ஸுலதான் மறுபடி படிச்சேன்."

அவள் பேசிய வரிசையின் மிகச் சிறந்த கதை அத்தனை ஆண்டுகளாக அவளிடம் இல்லை. கிள்ளானில், தவறான அட்டைக்குள் இருந்தது. ஆக நான் பேருந்தின் வெடித்த சக்கரத்தை மெச்ச வேண்டும். அது அவளுக்கு ஒரு மணி நேரம் கொடுத்தது.

திங்கட்கிழமை காலை காவிரிப் படித்துறையில் அமர்ந்து, முகச்சவர பிளேடால் என் புத்தகத்தின் தையலை அறுத்தேன். எட்டுத் தாள்கள் கழன்று வந்தன. மிச்சமிருந்த பழைய வரிசை சற்றுத் தளர்ந்து போயிற்று. ஆனால் இப்போது அதிலுள்ள ஒவ்வொரு பக்கமும் அதனுடையதே. ஆதிரையனின் முழக்கங்களை நான் இன்றும் விரும்புகிறேன். குளியலறையில் தொடர்ந்து ஓதுவேன். மேடையில் மட்டும் இனி ஆசிரியர் பெயரைப் பார்த்துவிட்டுப் பேசுவேன்.

தாள்களை அமுதாவிடம் கொடுத்தேன். அவள் படத்தாளை மேலே வைத்து, விளிம்புகளை ஒத்துத் தட்டிச் சேர்த்தாள். அடுத்த தாளின் தலைப்பில் என் பதினைந்து வயதுக் கையெழுத்து: தாகத்தின் தலைவன். வெட்கத்தோடு பேனாவை எடுத்தேன்.

"இதை அடித்துவிடுகிறேன்."

"இருக்கட்டுங்க" என்று தடுத்தாள். "அதுவும் நல்ல பேருதானுங்க."

உண்மையாகவே சொல்கிறாளா என்று அறிய அவள் முகத்தைப் பார்த்தேன். எனக்குப் பின்னால் நின்ற பழனிச்சாமி ஐயா மெல்ல இருமினார்.